இரண்டு களஞ்சியங்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையின் இரண்டாம் நாள், ஞாயிறு காலை ஸ்தோத்திர ஆராதனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2009-ஆம் ஆண்டு சிவில் பிரிவில் படித்து வெளியேறியவன் நான். செயலர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, செல்வமும் கிறிஸ்தவனும் என்று ஒரு தலைப்பு, இருபது நிமிஷம் பேசணும்" என்றார். "அண்ணே, நான் போதகர் இல்ல, காங்கிரீட் ஊத்துறவன்" என்றேன். "அதனாலதான் கூப்பிடுறோம்" என்று வைத்துவிட்டார். ஆகவே இறையியல் அறிஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த அரங்கில் பிற சமயத்து நண்பர்களும் இருக்கிறீர்கள். பிறர் பொருளுக்கு ஆசைப்படாதிருப்பதற்கு வெஃகாமை என்று தனியாக ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம் எல்லோரும். எனவே நான் பேசப்போவது யாருக்கும் அந்நியமாக இருக்காது என்று நம்புகிறேன்.

களஞ்சியம் கட்டிய இருவர்

வேதாகமத்தில் களஞ்சியம் கட்டிய இருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டடக்காரனுக்கு இப்படிப்பட்ட இடங்கள்தான் கண்ணில் படும்.

முதலாமவர் லூக்கா சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் வரும் பணக்காரர். ஒருவன் இயேசுவிடம் வந்து, "என் அண்ணன் தம்பிக்குள் சொத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும்" என்கிற பொருளில் கேட்கிறான். நம் ஊர் பாகப்பிரிவினை வழக்கு மாதிரிதான். இயேசு பஞ்சாயத்துப் பண்ண மறுத்துவிட்டு, ஒரு கதை சொல்கிறார். ஒருவனுக்கு நிலம் நன்றாக விளைந்தது. வைக்க இடமில்லை. பழைய களஞ்சியங்களை இடித்துவிட்டு பெரிதாகக் கட்டுவோம், இனிப் பல வருஷத்துக்குக் கவலை இல்லை, தின்று குடித்து இருக்கலாம் என்று திட்டம் போடுகிறான். அன்று இரவே அவன் உயிர் கேட்கப்படுகிறது. கட்டின களஞ்சியம் யாருக்கு?

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மனிதன் திருடவில்லை, லஞ்சம் வாங்கவில்லை, கலப்படம் செய்யவில்லை. நிலம் விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதை முழுவதும் அவன் பேசுவது தன்னோடு மட்டுமே. மனைவியிடம் கேட்கவில்லை, அறுத்துக் கொடுத்த கூலிக்காரனை நினைக்கவில்லை, பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கவில்லை.

இரண்டாமவர் யோசேப்பு. ஆதியாகமம் 41-ஆம் அதிகாரம். எகிப்தில் ஏழு வருஷம் செழிப்பு, ஏழு வருஷம் பஞ்சம் வரும் என்று பார்வோனின் கனவுக்கு அர்த்தம் சொல்கிறார். செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துச் சேமிக்க ஏற்பாடு செய்கிறார். பட்டணந்தோறும் களஞ்சியம். அளவில் பார்த்தால் அந்தப் பணக்காரன் கட்ட நினைத்ததைவிட எத்தனையோ மடங்கு பெரிய கட்டுமானம் இது. ஆனால் இவரை வேதம் அறிவாளி என்கிறது, அவனை மதியீனன் என்கிறது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? சேமிப்பதில் இல்லை, சேமித்த அளவிலும் இல்லை. கதவு யாருக்காகத் திறக்கும் என்பதில்தான் இருக்கிறது. பஞ்சம் வந்ததும் யோசேப்பின் களஞ்சியக் கதவு திறந்தது. இந்த மனிதன் கட்ட நினைத்த களஞ்சியத்துக்கு வெளியே திறக்கும் கதவே கிடையாது.

செசரியா நகரத்துப் பேராயராகப் பின்னாளில் விளங்கிய பசில், 4-ஆம் நூற்றாண்டில் இந்த உவமையை எடுத்து ஒரு பிரசங்கமே செய்திருக்கிறார். இன்றைய துருக்கி நாட்டில் உள்ள அந்தப் பகுதியை 369-ஆம் ஆண்டு வாக்கில் கடும் பஞ்சம் வாட்டியது. தானியத்தைப் பதுக்கியவர்களை அவர் கடிந்துகொண்டதோடு நிற்கவில்லை. பசித்தவர்களுக்கு உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். பின்பு நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஓர் இல்லத்தையும் கட்டினார்.

பணமா, பண ஆசையா?

எல்லாத் தீமைக்கும் வேர் பணம்தான் என்று வேதம் சொல்வதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் குற்றம் சாட்டுவது பணத்தை அல்ல, பணத்தின்மேல் உள்ள ஆசையைத்தான். கொலோசெயருக்கு எழுதும்போது இன்னும் ஒரு படி மேலே போய், பேராசையை விக்கிரக வணக்கத்தோடு சேர்த்துவிடுகிறார். லூக்கா 12-ல் இயேசு எச்சரிக்கும் பேராசைக்கு மூல கிரேக்கத்தில் உள்ள சொல் பிளியொனெக்சியா. "இன்னும் அதிகம்", "வைத்திருத்தல்" என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. அதாவது, எவ்வளவு இருந்தாலும் "இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிற நோய். இது லட்சாதிபதிக்குத்தான் வரும் என்றில்லை. பத்தாயிரம் சம்பளக்காரனுக்கும் வரும். எனக்கு வந்தது.

அதைச் சொல்லாமல் இந்த மேடையில் மற்றவர்களுக்கு உபதேசம் பண்ண எனக்கு யோக்கியதை கிடையாது. ஆகவே வெட்கத்தோடு சொல்கிறேன்.

2021-ஆம் ஆண்டு. கொரோனாவுக்குப் பிறகு வேலைகள் மந்தமாக இருந்த நேரம். ஒரு நிதி நிறுவனம், பெயர் வேண்டாம், ஒரு லட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம் தருகிறது என்றார் உடன் வேலை பார்த்த ஒருவர். மாதம் பத்து சதவீதம். வட்டியை எடுக்காமல் மறுபடி போட்டுக்கொண்டே வந்தால் ஒரு லட்சம் ஒரே வருஷத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டும். அப்போது வங்கியில் வருஷத்துக்கே ஏழு சதவீதம் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. எந்தத் தொழிலில் மாதம் பத்து சதவீதம் நிகர லாபம் வரும்? புதிதாகப் பணம் போடுபவனிடம் வாங்கி, முன்னால் போட்டவனுக்கு வட்டி கொடுத்தால்தான் முடியும். 1920-லேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பான்சி என்பவர் 45 நாளில் ஐம்பது சதவீதம் தருகிறேன் என்று சொல்லி இதே வேலையைச் செய்து, அதே வருஷம் கைதானார். அவர் பெயரே இந்த மோசடிக்குப் பெயராகிவிட்டது. இந்தக் கணக்கு ஓர் என்ஜினியருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஆசை வந்துவிட்டால் கணக்குப் போடத் தோன்றாது. முதல் மாதம் பத்தாயிரம் வந்தது. "ஆண்டவர் ஆசீர்வதிக்கிறார்" என்று என் மனைவியிடம் சொன்னேன். ஆசைக்கு ஆசீர்வாதம் என்று பெயர் வைத்தேன்.

அதோடு நின்றிருந்தால் நஷ்டம் எனக்கு மட்டும் போயிருக்கும். எங்கள் சபையில் பெரியம்மா முறை ஒருவர் உண்டு. கணவரை இழந்தவர். சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். "ஏ ஐயா, இது சரியா வருமா?" என்று கேட்டார்கள். "பெரியம்மா, பயப்படாதீங்க, நானே போட்டிருக்கேன்" என்றேன். இரண்டு லட்சம் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு நண்பர்கள் ஆளுக்கு இரண்டு லட்சம். ஆக மொத்தம் ஆறு லட்சம் என் வார்த்தையை நம்பிப் போனது. ஆள் சேர்த்ததற்காக நிறுவனம் எனக்கு இரண்டு சதவீதம், பன்னிரண்டாயிரம் ரூபாய், கமிஷன் கொடுத்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

2022-ல் ஒரு நாள் அலுவலகம் பூட்டியிருந்தது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். காவல்துறையில் புகார், வரிசை, விண்ணப்பம். பெரியம்மா வீட்டுக்குப் போனேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "நீயும்தானய்யா போட்டுத் தொலைச்சிருக்க. உக்காரு, சாப்பிட்டியா?" என்றார்கள். அந்தச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. காரணம், அவர்களுக்குத் தெரியாத அந்த நாலாயிரம் ரூபாய் கமிஷன்.

சகேயுவின் கணக்கு

அந்த நாட்களில்தான் லூக்கா 18, 19-ஆம் அதிகாரங்களைச் சேர்த்துப் படித்தேன். 18-ல் ஒரு பணக்காரத் தலைவன் வருகிறான். கட்டளைகளை எல்லாம் சிறுவயதிலிருந்து கைக்கொண்டவன். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்றதும் துக்கப்படுகிறான். 19-ல் எரிகோ ஊர் சகேயு வருகிறான். ஆயக்காரருக்குத் தலைவன், குள்ளன், மரத்தில் ஏறி நின்றவன். அவனிடம் இயேசு "கொடு" என்று கேட்டதாக லூக்கா எழுதவில்லை. "உன் வீட்டுக்கு வருகிறேன்" என்றுதான் சொன்னார். அவனாக எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கினதற்கு நாலு மடங்கு என்று கணக்குச் சொல்கிறான். நல்லவன் என்று பெயரெடுத்தவன் சொத்தை வைத்துக்கொண்டு துக்கத்தோடு நிற்கிறான். கெட்டவன் என்று பெயரெடுத்தவன் சொத்தைக் கொடுத்துவிட்டு சந்தோஷமாக இருக்கிறான்.

நான் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த பிளாட்டை வித்துடலாம்" என்றாள். வீடு கட்டலாம் என்று வாங்கிப் போட்டிருந்த நாலரை சென்ட் இடம். விற்றோம். பெரியம்மாவிடம் இரண்டு லட்சத்தோடு, நாலாயிரத்துக்கு நாலு மடங்கு பதினாறாயிரமும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது என்னய்யா பதினாறாயிரம்?" என்று கேட்டார்கள். கமிஷன் விஷயத்தைச் சொன்னேன். பிளாட்டை விற்பதைவிட அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதுதான் எனக்குப் பாடாக இருந்தது. அவர்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பதினாறாயிரத்தை என் கையிலேயே திருப்பி வைத்து, "இத படிக்கிற பிள்ளைக்கு யாருக்காவது கட்டு. எனக்கு உள்ளது போதும்" என்றார்கள். அந்த வருஷம் நம் கல்லூரியில் படித்த ஒரு மாணவியின் விடுதிக் கட்டணத்துக்கு அது போனது. ஒரு நண்பருக்கு முழுவதும் கொடுத்துவிட்டேன். மற்றவருக்கு இன்னும் எழுபதாயிரம் பாக்கி இருக்கிறது. மாதந்தோறும் கட்டிவருகிறேன். அவரும் இன்று இந்த அரங்கில் இருக்கிறார்.

தொட்டிக்கு ஓவர்ஃப்ளோ பைப்

"எனக்கு உள்ளது போதும்" என்று அந்தப் பெரியம்மா சொன்னது எப்படி? அவர்களிடம் அதிகம் இருந்ததாலா? இல்லை. பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தில், போதும் என்று இருக்கத் தான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். எழுதிய இடம் சிறைக்காவல். பிறவிக் குணம் என்று சொல்லவில்லை, கற்றுக்கொண்டேன் என்கிறார். அப்படியானால் நமக்கும் நம்பிக்கை உண்டு. பாடம் என்றால் படிக்கலாம், அரியர் வைத்தாவது பாஸ் பண்ணலாம்.

எனக்குத் தெரிந்த தொழிலில் இருந்து ஒன்று சொல்கிறேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்கும்போது ஓவர்ஃப்ளோ பைப் வைப்போம். அந்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் தொட்டியில் நிற்காது, வெளியே போய்விடும். பைப் இல்லாவிட்டால் வழிந்து தளத்தில் தேங்கி, காங்கிரீட்டுக்குள் கசிந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். "தண்ணீர் வீணாகிறதே, தொட்டிச் சுவரை இன்னும் உயர்த்து" என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. உயர்த்திக்கொண்டே போனால் ஒரு நாள் தூண் தாங்காது. நம்மில் பலர் வீட்டில் நடப்பது இதுதான். சம்பளம் உயர உயர தொட்டிச் சுவரை உயர்த்துகிறோம். பெரிய வீடு, அதற்குப் பெரிய கடன், அதற்கு இன்னொரு வேலை. தூண் யார்? மனைவி, பிள்ளைகள், நம் உடம்பு, நம் மனசாட்சி.

சுவரை உயர்த்தாமல் பைப் வைத்துக் காட்டியவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஆக்ஸ்போர்டில் இருந்த ஒருவரின் கணக்கை அவரே எழுதியிருக்கிறார். அது அவர் கதைதான் என்று கருதப்படுகிறது. முதல் வருஷ வருமானம் 30 பவுண்டு. 28-ல் வாழ்ந்து 2 பவுண்டு தர்மம் செய்தார். அடுத்த வருஷம் 60 பவுண்டு. அப்போதும் 28-ல் வாழ்ந்து 32 கொடுத்தார். மூன்றாம் வருஷம் 90, கொடுத்தது 62. வரவு மூன்று மடங்கானது, தொட்டியின் மட்டம் மாறவில்லை. 1776-ல், வீட்டில் உள்ள வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி கட்டவில்லையே என்று அரசாங்க அதிகாரிகள் கேட்டபோது, லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு வெள்ளிக் கரண்டிகள்தான் தன்னிடம் உண்டு, சுற்றிலும் பலர் ரொட்டிக்கு ஏங்கும்போது இதற்கு மேல் வாங்கமாட்டேன் என்ற கருத்தில் பதில் எழுதினார்.

அதே வெஸ்லிக்கு ஒரு பயமும் இருந்தது. பக்தி வந்தால் உழைப்பும் சிக்கனமும் வரும். உழைப்பும் சிக்கனமும் வந்தால் செல்வம் வரும். செல்வம் வந்தால் பக்தி போய்விடுமே என்று கவலைப்பட்டார். இது நம் குடும்பங்களின் கதை அல்லவா? என் தாத்தா பனையேறியவர். பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சி அப்பாவைப் படிக்க வைத்தார். பருவத்தின் முதல் கருப்பட்டிச் சிப்பம் கோயிலுக்குத்தான் போகும். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் அவர் கொடுத்த சேவலை இன்னொருவர் எடுப்பார், இன்னொருவர் கொடுத்த முருங்கைக்காயை இவர் எடுப்பார். அப்படிப்பட்ட மக்களின் காசில்தான் 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் இந்தியப் பணத்திலேயே நடக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் உறுதி. பனங்காட்டு வருமானத்தில் ஓவர்ஃப்ளோ பைப் வைத்த பாட்டன்மாரின் பேரன்கள் நாம். நம் வீட்டுத் தொட்டியில் பைப் இருக்கிறதா?

ஓர் எச்சரிக்கை

போதும் என்ற மனம் என்பதை நாம் அடுத்தவனுக்குப் பிரசங்கிக்க எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் சைட்டுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகள் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை சம்பளத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டு, "இருக்கிறதை வைத்துச் சமாளி" என்று சொல்வது திருப்தி உபதேசம் அல்ல, திருட்டு. கூலிக்காரனின் கூலியைச் சூரியன் அஸ்தமிக்கும் முன் கொடுத்துவிடச் சொல்கிறது உபாகமம். பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். "போதும்" என்பது என்னைப் பார்த்து நான் சொல்ல வேண்டிய வார்த்தை. பசித்தவனைப் பார்த்து நான் சொல்ல வேண்டியது "இந்தா" என்பதுதான்.

அதேபோல வறுமையை வேதம் புகழவும் இல்லை. நீதிமொழிகள் 30-ல் ஆகூர் என்பவர் தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம் என்று ஜெபிக்கிறார். அதிகம் இருந்தால் கடவுளை மறந்துவிடுவேன், இல்லாவிட்டால் திருடிவிடுவேன் என்று இரண்டு பக்கமும் பயப்படுகிறார். தன்னை நன்றாக அறிந்த மனிதர்.

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது

என்ஜினியர் பேசினால் கடைசியில் வேலைப் பட்டியல் இருக்கும். மூன்றே காரியம்.

ஒன்று, இந்த வாரம் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, நம் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு போதும் என்று ஒரு தொகையைக் காகிதத்தில் எழுதுங்கள். பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், முதுமைக்குச் சேமிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். யோசேப்பு சேமித்தார், தவறில்லை. ஆனால் ஒரு எண் இருக்க வேண்டும். எண் இல்லாத இடத்தில்தான் "இன்னும்" நுழைகிறது.

இரண்டு, அந்த மட்டத்துக்கு மேல் வருவது எங்கே போக வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் மரத்தடியில் நின்றேன். ஒரு பேராசிரியர், "உன் பேர் லிஸ்ட்ல வந்திருச்சு, போய்ப் படி" என்றார். அவர்தான் கட்டினார் என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இன்று முன்வரிசையில் இருக்கிறார், பெயர் சொன்னால் கோபப்படுவார். அவர் தொட்டியில் இருந்து வழிந்த தண்ணீரில் முளைத்தவன் நான். இன்றும் இந்த வளாகத்தில் மரத்தடியில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

மூன்று, யாருக்கும் தெரியாமல் நம் கையில் வந்த பணம் ஏதாவது இருந்தால், இன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் தாமதமாகச் சொன்னவன். அந்தப் பன்னிரண்டாயிரத்தைச் சுமந்த ஒன்றரை வருஷத்தில் நான் ஒரு நாளும் நன்றாகத் தூங்கவில்லை. பிளாட்டை விற்ற அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். வீடு கட்டுகிறவனுக்குச் சொந்த வீடு இல்லையே என்று சிலர் கேலி செய்வதுண்டு. என் மகள் ஒரு நாள் கேட்டாள், "அப்பா, நம்ம ஏழையா?" நான் பதில் சொல்லுமுன் அவள் அம்மா சொன்னாள், "இல்லம்மா, நமக்குப் போதும்." அந்த வார்த்தையை நம் பிள்ளைகள் நம் வாயிலிருந்து கேட்டு வளரட்டும்.